அவுரி கவிழ்த்த மாளிகையா? துலூஸ் நகரத்து அஸ்ஸேசா வீடு

கரோன்கரையான் | செவ்வாய், இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். வேலை மாற்றலாகி தென்மேற்கு பிரான்சில் துலூஸ் நகரத்துக்கு வந்து எட்டு மாதமாகிறது. போன மாதம் அம்மா வந்திருந்தார்கள். கரோன் ஆற்றின் மேல் இருக்கும் பொன் நெஃப் பாலத்திலிருந்து மெட்ஸ் தெரு வழியாக நடந்து வந்தோம். (பொன் நெஃப் என்றால் புதுப்பாலம். 1632-இல் கட்டி முடித்தது. இன்றைக்கு ஊரிலேயே பழைய பாலம் அதுதான்.) வழியில் 'ஓத்தெல் தஸ்ஸேசா' என்ற பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ஓட்டல்னு போட்டிருக்கே, காப்பி கிடைக்குமா பாரேன்" என்றார்கள். பழைய காலத்தில் நகரத்துப் பணக்காரர்கள் தங்களுக்குக் கட்டிக்கொண்ட மாளிகைக்கும் பிரெஞ்சில் 'ஓத்தெல்' என்றுதான் பெயர் என்று சொன்னேன். "சரி, உள்ளே போய்ப் பார்த்துட்டாவது வருவோம்" என்று அவர்களே முன்னால் நடந்தார்கள்.

வாசலைத் தாண்டி முற்றத்தில் கால் வைத்ததும் இரண்டு பேரும் வாயடைத்துப் போனோம். செங்கல் சுவர். அதன் மேல் கல் தூண்கள், இரண்டிரண்டாக, மூன்று அடுக்கு. கீழ்த் தூண் தலை ஒரு மாதிரி, நடுவில் வேறு மாதிரி, மேலே இலைக்கொத்தோடு இன்னொரு மாதிரி. மூலையில் ஒரு கோபுரம், உச்சியில் சின்ன மாடம்.

அங்கே ஒரு குழுவுக்கு விளக்கிக்கொண்டிருந்தவர் சொன்னது காதில் விழுந்தது. இதைக் கட்டிய பியேர் தஸ்ஸேசா நீலச் சாய வியாபாரியாம். பாஸ்தெல் என்ற செடியிலிருந்து எடுத்த சாயம். அதில் குவித்த பணத்தில் கட்டிய வீடு. பிறகு இந்தியாவிலிருந்து அவுரி வந்து அந்த வியாபாரத்தையே அழித்துவிட்டதாம், அவரும் நொடித்துப் போனாராம்.

அம்மாவிடம் சொன்னதும் ஒரே பெருமை. "நம்ம ஊர் அவுரி இவ்வளவு பெரிய வீட்டையே கவிழ்த்துடுச்சா!" வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் அதே பேச்சு. இது உண்மையா? யாருக்காவது தெரியுமா?


சும்மா_வந்தவன் | செவ்வாய், இரவு 9:40

காப்பி கிடைத்ததா இல்லையா, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.


நீலக்கட்டி | செவ்வாய், இரவு 10:31

திண்டிவனம் பக்கம் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அவுரிதான். தலைப்பைப் பார்த்ததும் ஓடி வந்தேன்.

எங்கள் முறை இது: பூ வரும் பருவத்தில் செடியை அறுத்துக் கட்டுக்கட்டாகத் தொட்டியில் போட்டு, மேலே பாரம் வைத்து ஊறவிடுவோம். மறுநாள் அந்தத் தண்ணீரை இன்னொரு தொட்டிக்கு இறக்கி ஆட்கள் இறங்கிக் காலால் அடித்துக் கலக்குவார்கள். நுரை பொங்கும். மஞ்சள் பச்சையாக இருந்த தண்ணீர் காற்று பட்டு நீலமாகும். பிறகு அடியில் படியும் சேற்றைக் காய்ச்சி, வடிகட்டி, அழுத்தி, துண்டு போட்டுக் காயவைத்தால் நீலக்கட்டி. சக்கை வயலுக்கு எரு. அவுரி பயறு வகைச் செடி என்பதால் அடுத்து நடும் நெல்லுக்கும் நல்லது.

ஒன்று கேட்கிறேன். பாஸ்தெல் என்ற செடியும் இதே போலத்தானா? கடையில் 'பேஸ்டல் கலர்' என்று வெளிறின துணியைக் காட்டுவார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?


கரோன்கரையான் | புதன், காலை 7:05

@நீலக்கட்டி அண்ணே, இங்கே அந்தச் சாயத்தூள், சோப்பு, துண்டு எல்லாம் விற்கிற கடை இருக்கிறது. அங்கே கேட்டதையும் படித்ததையும் சொல்கிறேன்.

செடி வேறு. இது கடுகுக் குடும்பம். மஞ்சள் பூ. முதல் வருடம் தரையோடு படர்ந்து இலை விடும், அந்த இலையில்தான் சாயம். கோடையில் தொடங்கி ஒரே செடியில் பலமுறை இலை பறிப்பார்கள். பெரிய கல் சக்கரம் ஓடும் ஆலையில் அரைத்து, கூழைக் கையால் உருட்டி, சாணி உருண்டை போல முஷ்டி அளவுக்குப் பிடித்து, தட்டிகளில் வாரக்கணக்கில் காயவிடுவார்கள். அந்த உருண்டைக்குப் பெயர் கொக்காஞ். காய்ந்ததை உடைத்து, தண்ணீர் தெளித்து (மூத்திரமும் ஊற்றுவார்களாம், அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை), மாதக்கணக்கில் புளிக்கவிட்டால் கறுப்புக் குருணை மாதிரி ஒன்று வரும். மூட்டை கட்டி விற்பது அதைத்தான். கூழிலிருந்து வந்த பெயர்தான் பாஸ்தெல் என்றார்கள். வெளிறின நிறத்துக்கு அந்தப் பெயர் வந்தது வண்ணக் குச்சிகளைக் கூழாகப் பிடித்துச் செய்ததால், நீலத்தால் அல்லவாம்.

பிரெஞ்சில் எல்லாம் கொழிக்கிற கனவு நாட்டை 'பேயி த கொக்காஞ்' என்பார்கள். அந்தப் பெயரே இந்த உருண்டையிலிருந்துதான் வந்ததாம்!


ஏட்டுப்பூச்சி | புதன், மாலை 6:48

ஒரே இழையில் இரண்டு கட்டுக்கதை. பொறுமையாக ஒவ்வொன்றாக வருகிறேன். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். இரண்டும் அழகான கதைகள் என்பதால்தான் இத்தனை காலமாக உயிரோடு இருக்கின்றன.

சின்னது முதலில். கொக்காஞ் என்ற செழிப்பு நாடு 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாடலிலேயே வந்துவிட்டது. அங்கே வேலை செய்யாமல் தூங்கினால்தான் கூலி. துலூஸ் பாஸ்தெல் உச்சத்தில் இருந்தது சுமாராக 1460 முதல் 1560 வரை. பாட்டில் இருந்த பெயர் இருநூறு வருடம் கழித்து வந்த செல்வத்தில் ஒட்டிக்கொண்டது என்றால் நம்பலாம். உருண்டையிலிருந்து நாடு பிறந்தது என்றால் காலம் இடிக்கிறது.

இனி பெரியது. தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

பியேர் தஸ்ஸேசா துலூஸ்காரர் இல்லை. வடகிழக்கே ருவேர்க் பகுதியில் எஸ்பாலியோன் என்ற ஊரிலிருந்து வந்தவர். பாஸ்தெல் மூட்டைகளை போர்தோ துறைமுகம் வழியாக ஆன்ட்வெர்ப், லண்டன், ஸ்பெயின் என்று அனுப்பிப் பணம் சேர்த்தார். 1552-இல் காப்பித்தூல் ஆனார். காப்பித்தூல் என்பது ஊரை ஆண்ட நகரசபைப் பதவி. வெளியூர்க்காரன் காப்பித்தூல் ஆனால் போதுமா? அது ஊருக்குத் தெரிய வேண்டாமா? 1555-இல் வீட்டு வேலை தொடங்குகிறது. நிக்கோலா பஷலியே என்ற சிற்பியும் கட்டடக் கலைஞருமானவர் வடிவமைக்கிறார். முதல் கட்டம் 1557 வரை. பஷலியே இடையில் காலமாகிவிட, இரண்டாவது கட்டத்தை 1560 முதல் அவர் மகன் தொமினிக் பார்க்கிறார்.

வேலை 1562-இல் நிற்கிறது. ஏன்?

அந்த வருடம் மே மாதம் துலூஸில் சீர்திருத்தக் கிறித்தவர்களும் (புராட்டஸ்டண்டுகள்) கத்தோலிக்கர்களும் தெருத்தெருவாக மோதிக்கொண்டார்கள். சீர்திருத்தக்காரர்கள் நகரசபைக் கட்டடத்தைப் பிடித்தார்கள். சில நாளில் தோற்று, ஊரைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. அஸ்ஸேசா சீர்திருத்தப் பக்கம். அவரும் ஓடினார், சொத்து பறிபோனது. 1572-இல் பழைய மதத்துக்கே திரும்பினார். அந்தப் பழைய நிலை மட்டும் திரும்பவில்லை.

சந்தையும் அப்போதே ஆட்டம் கண்டிருந்தது. 1560-ஐ ஒட்டி விளைச்சல் மிகுதி, தரம் மட்டம், விலை சரிவு. அதோடு உள்நாட்டுப் போர் வந்து பாதைகளை அடைத்தது. இத்தனைக்கும் நடுவில் அவுரி எங்கே? லிஸ்பனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது. அஸ்ஸேசாவைக் கவிழ்க்கும் அளவுக்கு வரவில்லை. ஐரோப்பாவில் அது மூட்டை மூட்டையாக இறங்கியது அந்த நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்ததிலும்தான். பிரான்சில் நான்காம் ஆன்றி அரசர் அவுரியைத் தடைசெய்து, மீறினால் மரண தண்டனை என்று ஆணை போட்டது 1609-இல். அஸ்ஸேசா வீட்டில் கொத்தனார்கள் கரண்டியைக் கீழே வைத்து நாற்பத்தேழு வருடம் ஆகியிருந்தது.


சும்மா_வந்தவன் | புதன், மாலை 7:02

அம்மாவிடம் யார் சொல்வது?


கரோன்கரையான் | புதன், இரவு 8:20

@ஏட்டுப்பூச்சி ஐயா, கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆள் அவ்வளவு உறுதியாகச் சொன்னாரே. கடைசியில் பாஸ்தெல் அழிந்தது அவுரியால் என்பது சரிதானே? அஸ்ஸேசா என்ற ஒருவர் மட்டும் அதற்கு முன்பே விழுந்துவிட்டார், அவ்வளவுதானே வித்தியாசம்?


ஏட்டுப்பூச்சி | புதன், இரவு 8:55

வித்தியாசம் பெரிது, தம்பி. தொழிலை மீண்டும் எழவிடாமல் செய்தது அவுரி, அது சரி. ஏற்கெனவே கீழே கிடந்தவனை எழவிடாமல் செய்தவன் அவனைத் தள்ளியவன் ஆகமாட்டான். நேராக நின்ற வீட்டை இடித்ததும் விழுந்த வீட்டு மனையை வாங்கியதும் ஒன்றா?


செங்கல்சூளை | வியாழன், காலை 6:30

நான் பழங்கட்டடப் பராமரிப்பு வேலை செய்கிறேன். பத்து வருடமாக பிரான்சில், பல ஊர்களில். சாயத்தை விட்டுக் கொஞ்சம் சுவரைப் பார்ப்போம்.

துலூஸ் ஆற்று வண்டல் சமவெளியில் உட்கார்ந்திருக்கிறது. தோண்டினால் களிமண்தான் வரும், நல்ல கல் கிடையாது. ரோமர் காலத்திலிருந்தே செங்கல் ஊர். உள்ளூர்ச் செங்கலைப் பார்த்தால் நம் ஆட்களுக்குச் சிரிப்பு வரும், தோசைக்கல் போல அகலம், தடிமன் இல்லை. சுமார் 42 செ.மீ. நீளம், 28 செ.மீ. அகலம், 5 செ.மீ. தடிமன். ஊருக்கே 'இளஞ்சிவப்பு நகரம்' என்று பெயர் வந்தது இந்தச் செங்கலால்.

இப்போது அஸ்ஸேசா வீட்டை மறுபடி நினைத்துப் பாருங்கள். கல் இல்லாத ஊரில் கல் தூண்! மூன்று தளத்துக்கும் இரட்டை இரட்டையாக. கீழே தோரிய முறை, நடுவில் அயோனிய முறை, மேலே கொரிந்திய முறை. ரோமாபுரியில் அடுக்கிய அதே வரிசை, இத்தாலியிலிருந்து அச்சாகி வந்த கட்டடக்கலை நூல்கள் வழியாக இங்கே வந்து சேர்ந்தது. ஒவ்வொரு தூணும் வண்டிக்கூலி. தெருவில் போகிறவனுக்கு அது தெரியாது. முற்றத்துக்குள் அழைக்கப்பட்டவனுக்குத்தான் தெரியும், அவன்தான் இன்னொரு வியாபாரி. யாரிடம் காட்ட வேண்டுமோ அவரிடம் மட்டும் காட்டுகிற பணம் இது. மாடிப்படிக் கோபுரத்து வாசலில் முறுக்கிய தூண்களைப் பார்த்தீர்களா? அடுத்த முறை போனால் அங்கே ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

அப்புறம், முற்றத்தின் நாலு பக்கமும் ஒரே மாதிரி இல்லை என்பதைக் கவனித்தீர்களா?


கரோன்கரையான் | வியாழன், காலை 7:15

கவனித்தேன், காரணம் தெரியவில்லை. ஒரு பக்கம் வெறும் சுவர் மாதிரிதான் இருந்தது. அதில் ஒரு நடைபாதை தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்த படத்தில் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டேன், மற்ற பக்கம் அவ்வளவு அழகு.


செங்கல்சூளை | வியாழன், காலை 7:50

எல்லோரும் வெட்டி எறிகிற அந்தப் பக்கத்தைத்தான் நான் மணிக்கணக்கில் பார்ப்பேன்.

முதல் கட்டத்தில் கட்டியது 'ட' எழுத்து மாதிரி இரண்டு பக்கம், மூலையில் படிக்கட்டு. இரண்டாவது கட்டத்தில் தெருப் பக்கம் வாசல் நடையும், முற்றத்தைப் பார்த்த வளைவுகளோடு ஒரு கூடமும் வந்தன. அந்தக் கூடத்திலிருந்து பிரதான வீட்டுக்குப் போக ஒரு வழி வேண்டும். அறைகள் கட்டி இணைக்கலாம், அதற்கு இடமும் பணமும் காலமும் வேண்டும். சுவரில் கல் தாங்கிகளை நீட்டி, மேலே கூரை போட்ட ஒடுங்கிய ஓடுபாதையாக முடித்தார்கள். நம் வீட்டில் மாடிக்குப் படி கட்டக் காசு போதாமல் இரும்பு ஏணி வைப்போமே, அது போல. ஆனால் பஷலியே மகனின் கை பட்ட ஏணி, அதுவும் அழகாகத்தான் இருக்கிறது.

ஏட்டுப்பூச்சி ஐயா சொன்ன 1562 சுவரில் இப்படித்தான் நிற்கிறது.


குளிர்ஜன்னல் | வியாழன், மதியம் 1:10

அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'பாதுகாக்கப்பட்ட கட்டடம்' என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் பிரான்சில் வேறொரு ஊரில் இருக்கிறேன். என் வீடு மாளிகையும் இல்லை ஒன்றுமில்லை, சாதாரண இரண்டு அறை. இருநூறு மீட்டர் தள்ளி ஒரு பழைய தேவாலயம் இருக்கிறது, அவ்வளவுதான் நான் செய்த பாவம். ஜன்னல் ஓட்டை வழியாகக் குளிர் காற்று. பிளாஸ்டிக் சட்டம் போட்ட இரட்டைக் கண்ணாடி ஜன்னல் மாற்ற விண்ணப்பித்தேன். கூடாது, மரச்சட்டம்தான் போட வேண்டும், குறுக்குக் கட்டையும் பழைய மாதிரியே வேண்டும், நிறமும் நாங்கள் சொல்வதுதான் என்று பதில் வந்தது. செலவு ஏறக்குறைய இரட்டிப்பு. இரண்டு குளிர்காலம் ஜன்னலில் கம்பளி தொங்கவிட்டு ஓட்டினேன். அஸ்ஸேசா தன் வீட்டில் இஷ்டத்துக்கு ஜன்னல் வைத்தாரே, அவரிடம் யார் அனுமதி கேட்டார்கள்?


ஏட்டுப்பூச்சி | வியாழன், மாலை 6:05

@குளிர்ஜன்னல் உங்கள் எரிச்சல் நியாயமானது. விதி எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

1913 டிசம்பர் 31 தேதியிட்ட சட்டம்தான் பிரான்சில் வரலாற்றுச் சின்னங்களுக்கு அடிப்படை. அஸ்ஸேசா வீடு அதற்கு அடுத்த வருடமே, 1914-இல், பட்டியலில் ஏறியது. இதில் இரண்டு படி உண்டு. மேல்படியில் ஏறிய கட்டடத்தில் அரசின் அனுமதி இல்லாமல் ஒரு கல்லைக்கூட மாற்ற முடியாது. பதிலுக்குப் பழுதுபார்க்க அரசு பணத்தில் பங்கு தரும். உரிமையாளர் கவனிக்காமல் விட்டால் வேலையைச் செய் என்று கட்டாயப்படுத்தவும் அதற்கு அதிகாரம் உண்டு. கீழ்ப்படியில் கெடுபிடி குறைவு, உதவியும் குறைவு.

உங்களைக் குளிரில் விட்டது 1943-இல் வந்த சேர்க்கை. சின்னத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் கட்டடங்களின் வெளித்தோற்றத்தை மாற்ற அரசுக் கட்டடக் கலைஞரின் கருத்தைக் கேட்க வேண்டும். அதன் பிறகு 1962-இல் ஆந்த்ரே மல்ரோ பண்பாட்டு அமைச்சராக இருந்தபோது வந்த சட்டம், தனித்தனி வீட்டைப் பார்ப்பதை விட்டு முழுப் பேட்டையையே பாதுகாக்கும் வழியைத் திறந்தது. முதலில் அப்படிக் காப்பாற்றப்பட்டது லியோன் நகரத்துப் பழைய பேட்டை, 1964-இல். அது நடந்திராவிட்டால் அந்தப் பேட்டைக்குள் ஒரு சாலை புகுந்திருக்கும்.


குளிர்ஜன்னல் | வியாழன், மாலை 6:31

தெரிகிறது ஐயா. ஆனால் மாளிகைக்குப் பங்கு தருகிறார்கள். எனக்குத் தந்தது 'நிறம் எண் இன்னது' என்று ஒரு காகிதம்.


செங்கல்சூளை | வியாழன், இரவு 9:14

இந்த இடத்தில் நான் குளிர்ஜன்னல் கட்சி. நானே பாதுகாப்பு வேலையில்தான் சம்பளம் வாங்குகிறேன், இருந்தாலும் சொல்கிறேன். பிளாஸ்டிக் சட்டம் கூடாது என்பதில் நியாயம் உண்டு. தடித்த வெள்ளைச் சட்டம் ஒரு தெருவின் முகத்தையே மாற்றிவிடும், பழைய சுவரில் ஈரம் மூச்சுவிட வழியும் வேண்டும். ஆனால் மரச்சட்டத்திலேயே மெல்லிய இரட்டைக் கண்ணாடி போடலாம், அதை நானே பல வீட்டில் செய்திருக்கிறேன். அந்த வழியை விண்ணப்பக்காரருக்கு முதல் கடிதத்திலேயே எழுத ஒரு வரி போதும். 'கூடாது' என்று எழுதுகிற கை 'இப்படிச் செய்யலாம்' என்று எழுத ஏன் கூசுகிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இன்னொன்று. துலூஸில் இன்று எல்லோரும் படம் எடுக்கிற அந்த இளஞ்சிவப்பும் எப்போதும் வெளியே தெரிந்தது இல்லை. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் செங்கல் மட்டமானது என்று நினைத்துக் கல் மாதிரி தெரிய வெள்ளை பூசினார்கள். 20ஆம் நூற்றாண்டில் பூச்சைச் சுரண்டி எடுத்தார்கள். அதனால் 'பழைய மாதிரியே' என்று எந்த அதிகாரி சொன்னாலும், எந்த வருடத்துப் பழைய மாதிரி என்று மரியாதையாகக் கேளுங்கள்.


சும்மா_வந்தவன் | வியாழன், இரவு 9:20

இதை அச்சடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன்.


கவிதைக்கிறுக்கி | வெள்ளி, காலை 10:45

எல்லோரும் சாயம், சுவர், சட்டம் என்று பேசுகிறீர்கள். அந்த வீட்டில் கவிஞர்கள் இருப்பதை ஒருவரும் சொல்லவில்லையே!

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தெயோதோர் ஒசேன் என்ற வங்கியாளர் விட்டுச்சென்ற பணத்தால் வீடு ஊருக்குச் சொந்தமானது. துலூஸ் நகரத்து அறிஞர் சபைகள் குடியேற வேண்டும் என்பதுதான் அவர் விருப்பம். அதில் ஒன்று 'மலர் விளையாட்டு' அகாதமி. 1323-இல் ஏழு பாணர்கள் கூடித் தொடங்கிய சபை. அடுத்த வருடம் மே 3-இல் முதல் கவிதைப் போட்டி. தென் பிரான்சின் பழைய மொழியான ஒக்சித்தானில் பாட வேண்டும். பரிசு, தங்கத்தில் செய்த ஊதாப்பூ. தங்கம், வெள்ளிப் பூக்களைப் பரிசாகக் கொடுக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. மேலை நாடுகளின் மிகப் பழைய இலக்கியச் சபை என்று அவர்கள் பெருமைப்படுவார்கள். நம் சங்கத்தை நினைத்துச் சிரிக்காமல் கேட்டுக்கொள்ளலாம்.

மற்ற தளங்களில் ஜார்ஜ் பெம்பெர்க் என்ற அர்ஜென்டினாக்காரர் சேர்த்த ஓவியங்கள். 1990களின் நடுவிலிருந்து அங்கே இருக்கின்றன. பழுதுபார்க்க மூடி, 2024 தொடக்கத்தில் மறுபடி திறந்தார்கள். பியேர் போனார் என்ற பிரெஞ்சு ஓவியர் வரைந்த படங்கள் மட்டுமே முப்பதுக்கு அருகில் இருக்கும். அம்மாவோடு போய் முற்றத்தோடு திரும்பிவிட்டீர்களா @கரோன்கரையான்?


கரோன்கரையான் | வெள்ளி, மதியம் 12:30

திங்கட்கிழமை போனோம், அக்கா. மூடியிருந்தது.


கவிதைக்கிறுக்கி | வெள்ளி, மதியம் 12:33

பிரான்சில் எட்டு மாதம் இருந்தும் அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை போனீர்களா!


நீலக்கட்டி | வெள்ளி, இரவு 9:50

நாலு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஐயாவிடம் ஒரு கேள்வி. அஸ்ஸேசாவை விடுங்கள். 1609-இல் அரசர் பயந்து தடைபோட்ட அவுரி, அதுவாவது நம் பக்கத்து அவுரிதானா? என் பாட்டனார் காலத்துக் கதை எல்லாம் 'வெள்ளைக்காரனுக்கே நாம்தான் நீலம் கொடுத்தோம்' என்றுதான் இருக்கும்.


ஏட்டுப்பூச்சி | சனி, காலை 8:15

@நீலக்கட்டி அந்தக் கால ஐரோப்பியக் கணக்குகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் இரண்டு. குஜராத்தில் அகமதாபாத் பக்கம் இருக்கும் சர்கேஜ், ஆக்ரா பக்கம் இருக்கும் பயானா. சோழமண்டலக் கரையிலிருந்தும் ஏற்றினார்கள், ஆனால் பெரிய பெயர் அந்த இரண்டுக்கும்தான். சென்னை மாகாணத்து நீலம் லண்டன் சந்தையில் பெயர் எடுத்தது வெகு பிந்தி, 19ஆம் நூற்றாண்டில்.

அரசர்கள் பயந்ததற்குக் காரணம் உங்கள் தொட்டியிலேயே இருக்கிறது. இரண்டு செடியிலும் சாயப் பொருள் ஒன்றேதான், ஒரே மூலக்கூறு. பாஸ்தெல் இலையில் அது சொற்பம், அவுரியில் பல மடங்கு. அதுவும் அவர்கள் விற்றது புளித்த இலைக் குருணை, நீங்கள் விற்பது வடித்தெடுத்த கட்டி. ஒரு மூட்டை கட்டி செய்யும் வேலைக்கு எத்தனை வண்டி குருணை வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடலாம். ஜெர்மன் நாடுகளில் அதைப் பிசாசுச் சாயம் என்று திட்டி 1577-இலேயே தடைபோட்டார்கள். பிரான்சில் சாயக்காரர்களுக்கு முழுச் சுதந்திரம் கிடைத்தது 1737-இல்.

அதற்குள் கதை இன்னொரு பக்கம் திரும்பிவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் அவுரியைக் கரீபியத் தீவுகளிலேயே, முக்கியமாக சேன் தொமேங்கில் (இன்றைய ஹெய்ட்டி), ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த அடிமைகளை வைத்து விளைவித்தார்கள். பாஸ்தெலைக் கடைசியில் புதைத்த நீலத்தில் அவர்கள் உழைப்பும் பெரும் பங்கு. வழிகாட்டி சொன்ன 'இந்தியா வந்தது, துலூஸ் விழுந்தது' கதையில் இவர்கள் காணாமலே போய்விடுகிறார்கள். எனக்கு அந்தக் கதை பிடிக்காமல் போனதற்கு தேதியைவிட இதுதான் காரணம்.


நீலக்கட்டி | சனி, காலை 9:02

கேட்டதற்கு நல்ல பதில். எங்கள் வீட்டுக் கதையைக் கொஞ்சம் திருத்திச் சொல்கிறேன் இனிமேல். காலால் அடித்துக் கலக்குகிறவர்கள் மூச்சு எவ்வளவு வாங்கும் என்று எனக்குத் தெரியும். கூலி வாங்கிக்கொண்டு செய்கிற ஆட்களுக்கே அந்த வாடை நாலு நாள் போகாது.


கரோன்கரையான் | ஞாயிறு, மாலை 5:40

இன்று மறுபடி போய்விட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை, திறந்திருந்தது. முறுக்குத் தூண் முன்னால் ஐந்து நிமிடம், செங்கல்சூளை அண்ணன் சொன்னபடி. ஓடுபாதை இருக்கிற சுவரை மட்டும் பதினாலு படம் எடுத்தேன். அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஒவ்வொரு தாங்கியும் தனித்தனியாகச் செதுக்கியிருப்பது தெரிகிறது. பணம் போகும் வழி தெரியாமல் நின்ற ஒரு மனிதர், கடைசியாகக் கட்டிய துண்டில்கூடச் சிற்பியைக் குறைக்கவில்லை.

ஐயா, வீடு அஸ்ஸேசா குடும்பத்திடமிருந்து அதன் பிறகு யாரிடம் போனது?


ஏட்டுப்பூச்சி | ஞாயிறு, இரவு 8:30

நல்ல கேள்வி கேட்டீர்கள். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், கிழவனுக்கு நினைவு வரவில்லை.

1761-இல் பியூமொரான் பிரபு வாங்கினார். துலூஸ் தொழிலதிபர். உட்புறத்தைத் தன் காலத்து ருசிக்கு மாற்றினார். (குளிர்ஜன்னல் கவனிக்க: அவரிடமும் யாரும் அனுமதி கேட்கவில்லை.) அவர் மகன் வேதியியலில் ஈடுபாடு உள்ளவர். நெப்போலியன் காலத்தில் ஆங்கிலேயரோடு போர், கடல்வழி அடைபட்டு அவுரி வரத்து நின்றுபோனது. பட்டாளச் சட்டைக்கு நீலம் வேண்டும். இருநூற்றைம்பது வருடத்துக்கு முன் சரியத் தொடங்கிய பாஸ்தெலைத் தேடி ஓடினார்கள். அந்த இலையை உருண்டை பிடிக்காமல், அவுரி போலவே ஊறவைத்து நீலத்தை வடித்தெடுக்க முடியுமா என்று ஆராய்ந்து எழுதியவர்களில் இந்த மகன் பியூமொரானும் ஒருவர்.


நீலக்கட்டி | ஞாயிறு, இரவு 8:41

அப்படியானால் பாஸ்தெல் இலையை எங்கள் முறையில் தொட்டியில் போட்டார்களா!


ஏட்டுப்பூச்சி | ஞாயிறு, இரவு 8:44

ஏறக்குறைய. போர் முடிந்து கப்பல்கள் வரத் தொடங்கியதும் மறுபடி கைவிட்டார்கள்.


கரோன்கரையான் | ஞாயிறு, இரவு 9:10

அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அஸ்ஸேசா, மதக் கலவரம், சர்கேஜ், தீவுகள், கடைசியில் பியூமொரான் வரைக்கும். அரை மணி நேரம் 'ம்' கொட்டிக் கேட்டுவிட்டு, "அந்த வீட்டை வாங்கினவன் பிள்ளையே நம்ம மாதிரி ஊறவெச்சுப் பார்த்தானாமா? போதும் போ" என்றார்கள்.


சும்மா_வந்தவன் | ஞாயிறு, இரவு 9:12

எல்லாம் சரி. காப்பி கிடைத்ததா?